எழுதாத பேனா

கூடத்துத் தரையில் ஈரிழைத் துண்டு ஒன்றை விரித்து, வீட்டிலிருந்த பேனாக்களை எல்லாம் அதன்மேல் வரிசையாக வைத்தேன். எண்ணிப் பார்த்தால் 43. எடுத்துப் போக இருப்பதோ 12 பேனா கொள்ளும் துணிச் சுருள். பெரம்பூரில் தெரிந்த தையற்காரரிடம் சொல்லி, கெட்டித் துணியில் ஒவ்வொரு பேனாவுக்கும் தனி அறை வைத்துத் தைத்தது. சுருட்டி நாடாவால் கட்டிக்கொள்ளலாம். விமானத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அக்கா மகன் வர்ஜீனியாவில் ஹெர்ண்டன் என்ற ஊரில் இருக்கிறான். மூன்று வருஷமாக வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆகஸ்டில் வருகிறேன் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஃபால்ஸ் சர்ச் பக்கம் ஓர் ஓட்டலில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம்தான் பேனா சந்தை கூடுகிறது. பெயர் என்னவோ வாஷிங்டன் டி.சி. சூப்பர் ஷோ. வியாழக்கிழமை தொடங்கி ஞாயிறு வரை நடக்கும். முன்னிரண்டு நாளில் வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்; சனி, ஞாயிறில் எல்லாரும் போகலாம். ஊற்றுப் பேனாவில் பற்று வைத்தவர்களுக்கு அது திருவிழா. இருபது வருஷமாகப் பேனா சேர்க்கிறேன். அப்படி ஒரு கூட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

எதை எடுத்துப் போவது என்பதில் முதலில் என் எண்ணம் எல்லாருடைய எண்ணம் போலத்தான் ஓடியது. பளபளப்பாக இருப்பதை, கீறல் படாததை, கிளிப்பில் முலாம் போகாததை எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். அந்த நேரத்தில் திண்டிவனத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். அவருக்கு வயது 84. நாற்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர்.

“பேனா சந்தைக்குப் போறியாமே. என் பேனாவ எடுத்துக்கினு போறியா?” என்றார்.

“அது எழுதலையே பெரியப்பா.”

“எழுதலன்னுதானே எடுத்துக்கினு போவச் சொல்றேன். எழுதறத எடுத்துக்கினு போயி என்னா பண்ணப் போற?”

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. துண்டின்மேல் கிடந்த பேனாக்களை மறுபடியும் பார்த்தேன். நன்றாக எழுதுகிற பேனாவுக்கு அந்தச் சந்தையில் என்ன வேலை? விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், நாலு பேருக்குக் காட்டலாம். ஆனால் நிப்பின் நோய் அறிந்து தீர்க்கக்கூடிய கைகாரர்கள் நாலு நாள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும் இடம் அது. அடுத்த நாள் காலை சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன்.

பெரியப்பாவின் பேனா கறுப்பு எபோனைட். விரல் பருமனைவிடப் பெருத்தது. உள்ளே ரப்பர் பையோ உறிஞ்சு குழலோ கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையை நேரே உடம்புக்குள் ஊற்ற வேண்டும். நம் ஊர்ப் பழைய பேனாக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். 14 காரட் தங்க நிப்பு. நாற்பது வருஷத்தில் கறுப்பு நிறம் மங்கி, வெயில் பட்ட பக்கம் பழுப்பேறியிருக்கிறது. எபோனைட் என்பது ரப்பரோடு நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கியது. வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் மேல்தோல் இப்படித்தான் பழுக்கும். பெரியப்பா அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்தப் பேனாவுக்கு வந்தது விசித்திரமான நோய். மை இருக்கும், நிப்பின் அடி நாக்கு ஈரமாக இருக்கும், நிப்பு வழுவழுவென்று ஓடும். ஆனால் முதல் கோடு விழாது. ‘க’ என்று எழுதினால் மேல்கோடு இல்லாமல் பாதியில் தொடங்கும். சில வருஷம் முன்பு, கொஞ்சம் கீறுகிறது என்று ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து இப்படி. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நிப்பின் நுனியில் இரண்டு கால்களும் சேருமிடத்தில் உள்விளிம்புகள் மழுங்கி, இரண்டு உருண்டைக்கு நடுவே பள்ளம் விழுந்ததுபோல் ஆகியிருந்தது. மை அந்தப் பள்ளம் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது, காகிதத்தைத் தொடுவதில்லை. வழவழப்புக்கு ஆசைப்பட்டுத் தேய்க்கிறவர்கள் கையில் நிறைய நிப்புகள் இப்படிக் கெடுகின்றன.

பேனாவை வாங்கிக்கொண்டு கிளம்பப் போனவன், வாசலில் நின்று யோசித்தேன். அங்கே நிப்பைத் திருத்துகிறவர் என் கையைப் பார்த்துத் திருத்துவார். எழுதப் போவது என் கையல்ல. திரும்பி உள்ளே போய், “பெரியப்பா, ஒரு பத்து வரி எழுதுங்க, நான் போன்ல படம் பிடிச்சிக்கிறேன்” என்றேன்.

அவர் வேறொரு பேனாவை எடுத்துக்கொண்டு, பழைய சாய்வு மேஜைக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யாருக்கும் எழுதாத கிரயப் பத்திரம் ஒன்றைக் கைபோன போக்கில் எழுத ஆரம்பித்தார். ‘எனக்குப் பாத்தியப்பட்டு என் அனுபோகத்தில் இருந்து வரும்’ என்று வந்தது. அப்புறம் நான்கு எல்லை. வடக்கே ஓடை, கிழக்கே பாதை. பேனா தாழ்வாகப் படுத்திருந்தது. கட்டைவிரல் நிப்புக்கு மிக அருகில். எழுத்து வளைந்து மேலே ஏறும்போதெல்லாம் பேனா அவர் விரல்களுக்குள் லேசாக இடப்பக்கம் உருண்டது. இத்தனை வருஷம் பார்த்தும் அதை நான் கவனித்ததே இல்லை. நாலு நிமிஷம் ஓடிய படம். அவர் எழுதிய தாளையும், அதே கட்டிலிருந்து எழுதாத தாள் இருபதும் வாங்கிக்கொண்டேன்.

புறப்படும்போது சொன்னார்: “இங்கிலீஷ்காரன் கல்யாண ரிஜிஸ்தர்ல எழுதற மைன்னு ஒருவாட்டி சொன்னியே, அது கெடச்சா ஒரு புட்டி வாங்கியாந்துடு.”

சென்னைக்குத் திரும்பியதும் துண்டை மறுபடி விரித்தேன். இப்போது வேலை சுலபமாக இருந்தது. பெரியப்பா பேனாவுக்கு முதல் அறை. நோயாளிகள் இன்னும் இருவர் சேர்ந்தார்கள். ஒன்று 1940-களின் பார்க்கர் வேக்யுமேட்டிக். அதில் மையை உறிஞ்சும் ரப்பர்ச் சவ்வு காய்ந்து நொறுங்கிவிட்டது. மற்றொன்று ஷெஃபர் ஸ்நார்க்கெல். 1952-இல் வந்த இந்தப் பேனாவில் நிப்புக்கு அடியிலிருந்து ஊசிபோல் ஒரு குழாய் வெளியே வந்து மையைக் குடிக்கும்; நிப்பு நனையவே நனையாது. பேனா செய்கிறவர்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. என்னுடையதில் குழாய் பாதியில் நின்றுவிடுகிறது.

மிச்ச அறைகளுக்கு மாற்றிக்கொள்ளத் தகுந்தவை வேண்டும். அமெரிக்காவில் அமெரிக்கப் பேனா எடுத்துப் போய் நீட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பார்க்கர் 51 அங்கே கூடை கூடையாக இருக்கும். நம்மிடம் இருக்கிற பெருமை எபோனைட்தான். உலகத்தில் மற்றவர்கள் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்ட பிறகும் நம் கடைசல்காரர்கள் எபோனைட் தண்டைக் கையால் கடைவதை நிறுத்தவில்லை. திருவள்ளூர் ரங்கா பேனாக்கள் மூன்று எடுத்தேன்; அதில் ஒன்று பச்சையும் பழுப்பும் மரத்தின் வரிபோல ஓடுவது. பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ கடையில் வாங்கிய காமா இரண்டு. ராஜமுந்திரி ரத்னம் ஒன்று. காந்தியின் சுதேசிப் பேச்சைக் கேட்டு நம் ஊரிலேயே முழுப் பேனா செய்துகாட்டியவர் கே.வி. ரத்னம்; அவர் அனுப்பிய பேனாவால் எழுதி, நன்றாக இருக்கிறது என்று காந்தி 1935-இல் அவருக்குக் கடிதமே போட்டார். இந்தக் கதையைச் சொல்லாமல் அந்தப் பேனாவை யாரிடமும் கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

பளபளப்பாக இருந்தவை துண்டிலேயே தங்கின. ஒரு நாளும் மை படாமல் பெட்டியிலேயே வைத்திருக்கும் பேனாக்களை உயர்வாக நினைக்கிறவர்கள் உண்டு. என்னால் அப்படி நினைக்க முடிவதில்லை. எழுதிப் பார்க்காத பேனாவைப் பற்றி நாம் என்னதான் தெரிந்துகொண்டோம்?

அடுக்குவதில் ஒரு சங்கதி இருக்கிறது. வேக்யுமேட்டிக் போன்ற பழைய பேனாக்களின் உடம்பு செல்லுலாய்டு. நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து மோந்து பார்த்தால் சாமி அறை வாசனை வரும். எபோனைட்டைத் தேய்த்தால் வெடிமருந்து வாசனை, கந்தகம். இந்தக் கந்தகம் செல்லுலாய்டுக்கு ஆகாது. மூடிய இடத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் வெளிர் நிறச் செல்லுலாய்டு மெதுவாகக் கறுத்துப் பழுப்பாகும். ஒரு பயணத்தில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் வழக்கத்தை விடக் கூடாது என்று செல்லுலாய்டுகளைத் தனியே காற்றாடும் பருத்தி உறையில் போட்டேன். பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதும் செல்லுலாய்டுக்காகத்தான். சூட்டில் அது வளைந்துவிடும், தீப்பிடித்தால் அணைக்கவும் முடியாது.

அப்புறம் மை. எல்லாப் பேனாவையும் கழுவி, உதறி, காயவைத்தேன். முன்பொரு முறை டெல்லிக்குப் போகும்போது பாதி மை இருந்த எபோனைட் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு ஏறினேன். இறங்கும்போது இடது மார்பு முழுக்க நீலம். குற்றம் பேனாவுடையதல்ல. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே நமக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு இல்லை. 6,000, 8,000 அடி உயரத்து மலையில் இருக்கிற அளவு. கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. 8,000 அடியில் அழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். பேனாவுக்குள் அடைபட்ட காற்று அதற்கேற்ப விரியும். விரிகிற காற்று மையைத் தள்ளும். பேனா மை கக்கும். நிறைய மை இருந்தால் காற்றுக்கு இடமில்லை, கக்குவது குறைவு. மையே இல்லாவிட்டால் கவலையில்லை. பாதி இருப்பதுதான் ஆபத்து. விமானத்தில் எழுதியே ஆக வேண்டுமென்றால் கழுத்துவரை நிரப்பி, நிப்பு மேலே பார்க்க நிறுத்தி வைக்க வேண்டும். ஏறும்போது மூடியைத் திறக்கக் கூடாது.

மாற்றிக்கொள்ள மைகளும் வேண்டும். கல்கத்தாவிலிருந்து சுலேகா: 1934-இல் ஆரம்பித்து, எண்பதுகளின் கடைசியில் மூடிப்போய், 2020-இல் மறுபடி வந்த மை. பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய பிரில். கேரளத்திலிருந்து கிருஷ்ணா. புட்டிகளின் மூடிக்குள் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து இறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, லுங்கிக்குள் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வைத்தேன். கையில் எடுத்துப் போகிற பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் போகாது. அதுவும் வழியில் விமானம் மாறும் இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி சோதிப்பார்கள். பேனாக்கள் மட்டும் கையோடு. பெரிய பெட்டி தொலைந்தால் மை போகும், சட்டை போகும். பெரியப்பா பேனா போகக் கூடாது.

இன்னும் சில்லறைச் சாமான்கள். பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி. இல்லாமல் போனால் பாதிக் கண் இல்லாமல் போன மாதிரி. பேனா கழுவ ரப்பர்ப் பந்து. ஒற்றுத்தாள். கழுத்தைப் பிடித்துத் திருகச் சைக்கிள் ட்யூபில் வெட்டிய துண்டு. சின்னச் சின்னதாக மாற்றிய டாலர் நோட்டு. தாள் கட்டைப் பழைய காலண்டர் அட்டைகளுக்கு நடுவில் வைத்து, மடங்காமல் பெட்டியின் அடியில் போட்டேன்.

பயணத்தில் சொல்ல அதிகமில்லை. விமானம் மாறிய ஊரில் சோதனைக்காரப் பெண் சுருளைப் பிரிக்கச் சொன்னார். பிரித்துக் காட்டினேன். பச்சை வரியோடிய திருவள்ளூர்ப் பேனாவின்மேல் அவர் பார்வை ஒரு கணம் நின்றது. சுருட்டிக்கொள்ளச் சொல்லித் தலையாட்டினார். டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது மாலை. “என்ன மாமா, இவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள நாலு சட்டைதான் இருக்கு” என்றான் பிள்ளை. ஊறுகாயும் கொண்டுவந்திருக்கிறேன் என்று எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டேன். ரயிலின் வெள்ளி நிற வழித்தடத்தில் ஏறி ஈஸ்ட் ஃபால்ஸ் சர்ச்சில் இறங்கி, ஆரஞ்சு வழித்தடத்தில் திரும்பி டன் லோரிங். அங்கிருந்து வாடகைக் கார். ஓட்டல் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. உள்ளே நடக்கும்போதே ஒரு வாசனை வந்தது. எபோனைட், மெருகு மெழுகு, மை, பழைய தோல் உறை, காபி எல்லாம் கலந்தது. பெரிய கூடத்தில் மேஜைக்கு மேஜை விளக்கு. வெல்வெட் தட்டுகளில் பேனாக்கள், வெயிலில் காயப்போட்ட மீன்போல நெருக்கமாகப் படுத்திருந்தன. அதற்கு மேல் எல்லாரும் குனிந்திருந்தார்கள். கூட்டம் அவ்வளவு இருந்தும் சத்தம் இல்லை. வாய் பேசுவதைவிடக் கண் பார்ப்பதுதான் அங்கே அதிகம்.

சில மரியாதைகள் இருக்கின்றன. கேட்காமல் எந்தப் பேனாவையும் எடுக்கக் கூடாது. மூடியைத் திறக்க மறுபடி கேட்க வேண்டும். திருகும் மூடியா இழுக்கும் மூடியா என்று விற்பவர் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். மையில் தோய்த்துப் பார்ப்பது எப்போதுமே அவர் விருப்பம். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்வது நல்லது; திரும்பும்போது ஒரு தட்டு சரிந்தால் ஐம்பது பேனா தரையில். முக்கியமாக, நம்முடைய பேனாவை இன்னொருவர் மேஜையில் வைக்கக் கூடாது. எது யாருடையது என்ற குழப்பம் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வருத்தம். நான் சுருளைக் கழுத்தில் தொங்கும் துணிப்பைக்குள் வைத்து, காட்ட வேண்டியபோது என் உள்ளங்கையில்தான் காட்டினேன்.

பூதக்கண்ணாடி முதல் மணி நேரத்திலேயே கைகொடுத்தது. பார்க்கரின் பழைய பேனாக்களில் உடம்பில் பதிந்த எழுத்தின் ஓரத்தில் ஒற்றை எண் இருக்கும். அது வருஷத்தின் கடைசி இலக்கம். பக்கத்துப் புள்ளிகள் எந்தக் காலாண்டு என்பதைச் சொல்லும். ஒரு தட்டில் இருந்த வேக்யுமேட்டிக்கில் உடம்பு ஒரு வருஷத்தையும் நிப்பு வேறு வருஷத்தையும் காட்டின. ‘இரண்டு பேனாவைச் சேர்த்து ஒன்றாக்கியதா’ என்று கேட்டேன். விற்றவர் மறைக்கவில்லை, ஆமாம் என்று விலையைக் குறைத்தார். நான் வாங்கவில்லை, ஆனால் அவரோடு அரைமணி நேரம் பேசினேன். என் நொறுங்கிப்போன சவ்வை அவர்தான் அங்கேயே மாற்றிக்கொடுத்தார்.

நிப்பு திருத்துகிறவர்கள் கூடத்தின் ஓரத்தில் நாலைந்து பேர். காலையிலேயே தாளில் பெயர் எழுதி வைக்க வேண்டும். என் பெயர் 17-ஆவது. முறை வரும்போது மணி இரண்டரை.

முடி நரைத்த மனிதர். தலையில் மாட்டிய கண்ணாடி, பக்கத்தில் சின்ன மோட்டார், அதில் விரலளவு சக்கரம். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. முதலில் எழுதிக் காட்டுங்கள் என்று தன் தாளைத் தள்ளினார். “எழுதுகிறவர் நான் இல்லை” என்றேன். போனை எடுத்துப் படத்தை ஓட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, மேஜைமேல் குனிந்து, நாலு நிமிஷமும் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். இந்த முறை பெரியப்பாவின் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது என்ன எழுத்து என்று கேட்டார். தமிழ் என்றேன். இந்த எழுத்து எங்குமே மூலையில் நிற்பதில்லையே, சுற்றிக்கொண்டே போகிறதே என்றார். அவர் தாளிலேயே பெரிதாக ‘இ’ ஒன்று எழுதிக் காட்டினேன், பிறகு ‘ஞ’, பிறகு ‘ழ’. ஆங்கில எழுத்தில் கை பெரும்பாலும் கீழ்நோக்கி இழுக்கும். நிப்புக்கு அது சுகம். நம் எழுத்தில் பேனாவைக் கீழே இழுக்கிற அளவுக்கு மேலே தள்ளவும் வேண்டியிருக்கிறது. தட்டையாக, முனை கூராக வெட்டிய நிப்பு ஆங்கிலத்தில் அழகாக ஓடும். அதே நிப்பு ‘ஞ’வின் வளைவில் காகிதத்தைக் குத்தும். எழுத்தாணியால் ஓலையில் கீறிய காலத்திலிருந்து நம் எழுத்து இப்படி வளைந்து பழகியது. ஓலை கிழியுமோ என்று புள்ளியைக்கூட விட்டுவிட்டு எழுதியவர்கள் நம் முன்னோர்.

அவர் வேலையை ஆரம்பித்தார். சக்கரம் சுற்றியது; நிப்பு அதை ஒரு கண்ணிமைப்புக்குமேல் தொடவில்லை. கண்ணாடி, சக்கரம், கண்ணாடி. மழுங்கிய இரண்டு உருண்டைகளின் நுனியை மயிரிழையளவு குறைத்து, நடுப்பிளவு மறுபடி காகிதத்தைத் தொடும்படி சமமாக்கினார். அப்புறம் மெல்லிய தேய்ப்புத் தாளில் எட்டு எட்டாகச் சுற்றினார். படத்தில் பெரியப்பா பேனாவைச் சாய்த்த அதே சாய்வில், உருட்டிய அதே பக்கம் உருட்டி. மையில் தோய்த்துத் தன் தாளில் கோடு போட்டார். முதல் புள்ளியிலேயே மை விழுந்தது.

என்னிடம் கொடுத்தார். எழுதினேன். வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. நன்றி சொல்லி வாங்கியிருக்கலாம். அட்டைகளுக்கு நடுவிலிருந்த பெரியப்பாவின் தாளை எடுத்தேன்.

அதில் எழுதியதும் மை பரவியது. நிப்பு திருத்துகிறவரின் தாள் வழவழப்பான உயர்ந்த தாள். மையை மேலேயே நிறுத்திவைக்கும். நம் தாள் குடிக்கும். ‘ழ’வின் கண் அடைந்துவிட்டது. ‘ணி’யில் சுழி எது, மேல்விலங்கு எது என்று தெரியவில்லை. பத்திரத்தில் ஓர் எழுத்தின் கண் அடைந்தால் ஒரு பெயர் மாறிப்போகும் என்று பெரியப்பா சொல்வார். நிப்பு திருத்துகிறவர் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், விரலால் தடவினார். இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று கேட்டார். குற்றம் சொல்வது போலில்லை. சந்தோஷப்பட்டது போலத்தான் இருந்தது. நிப்பின் இரண்டு கால்களையும் நகத்தால் அழுத்தி, ஒன்றோடொன்று நெருக்கி, மையின் வரத்தைக் குறைத்தார். பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் மெலிதாக்கினார். இப்போது எல்லாச் சோதனையும் எங்கள் தாளில்தான். ஆறு முறை எழுதிக் காட்டச் சொன்னார். ஆறாவது ‘ழ’வில் கண் திறந்திருந்தது.

கூலி வாங்கிக்கொண்டார். அந்தத் தாளில் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஐந்து கொடுத்தேன். ஒன்றில் ‘இ’ எழுதி, கை எந்த வரிசையில் போகிறது என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிறும் போனேன். திருவள்ளூர்ப் பேனாக்கள் மூன்றும் கைமாறிவிட்டன. பச்சை வரி ஓடியதை வாங்கிய பெண்மணி மூடியைத் திறந்ததும் முதலில் மோந்துதான் பார்த்தார். அவர் தாத்தா பேனாவின் வாசனையாம். பதிலுக்கு ஒரு பெலிக்கன் 400 கிடைத்தது, பழுப்பு வரி போட்டது. ரத்னத்தைக் கொடுக்கவில்லை. கதையை மட்டும் ஏழெட்டுப் பேருக்குச் சொன்னேன். ஸ்நார்க்கெல் மறுபடி நீட்டிக் குடிக்கிறது.

பெரியப்பா கேட்ட மை, மை விற்கும் மேஜையின் கீழ்த் தட்டில் இருந்தது. இங்கிலாந்தில் பிறப்பு, கல்யாணப் பதிவேடுகளில் எழுதுவதற்கென்றே ஏற்பட்ட மை. லிவர்பூல் டயமின் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி 1864-இலிருந்து மை செய்கிறது. இந்த மையில் இரும்புச் சத்தும் மரக்காய்த் துவர்ப்பும் சேர்ந்திருக்கிறது. எழுதும்போது வெளிர் நீலமாக இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து காகித நாருக்குள்ளேயே கறுக்கும். தண்ணீர் ஊற்றினாலும் போகாது. நமக்குப் புதிதல்ல. பெரியப்பாவின் அப்பா காலத்தில் கடுக்காயை ஊறவைத்து அன்னபேதி சேர்த்து வீட்டிலேயே மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்புதான். ஊர் வேறு, காய் வேறு, மை ஒன்று.

திரும்பி வந்த மூன்றாம் நாள் திண்டிவனம் போனேன். அந்த மையை எஃகு நிப்பில் விட்டுவைக்கக் கூடாது, அரித்துவிடும். தங்கத்துக்குப் பயமில்லை, ஆனாலும் வாரம் ஒருமுறை கழுவிவிடுங்கள் என்றேன். பெரியப்பா காதில் வாங்கிக்கொண்டே ஃபில்லரில் மையை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல், கழுத்துக்குக் கீழே ஒரு நூல் இடம் விட்டு ஊற்றினார். நிப்பின் நுனியைத் துணியில் ஒற்றினார். சாய்வு மேஜையை இழுத்துக்கொண்டார்.

‘கிழக்கே’ என்று எழுதினார். ‘கி’யின் முதல் கோடு விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. வரி முடிந்த பிறகுதான் பேனாவை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ‘ழ’ மேல் விரலை வைத்தார்.

“நல்லா தெறந்திருக்கு” என்றார். பிறகு, “மைதான் வெளிறாப்ல இருக்கே.”

“சாயந்திரம் பாருங்க.”

பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டார். தாளைக் காற்றில் பறக்காமல் மைப்புட்டியை வைத்து மூலையில் அழுத்திவிட்டு எழுந்தோம். சாப்பிட்டுப் படுத்து எழுந்தபோது நாலு மணி. பெரியப்பா எனக்கு முன்னால் எழுந்து திண்ணையில் தாளை வெயிலுக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுத்து நன்றாகக் கறுத்திருந்தது.